தகரக்கடை முதலாளிக்கு

சங்கரன்கோவில்
7.12.2025

அன்புள்ள தகரக்கடை முதலாளிக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. இரண்டு முறை நீ போன் செய்தும் எடுக்கவில்லை. காரணம் சொன்னால் நம்ப மாட்டாய், அதனால் விட்டுவிடுகிறேன். முட்டிவலி அப்படியே இருக்கிறது. பேரன் பேசத் தொடங்கிவிட்டான். ஆட்டுக்குட்டி முதல் பால்காரர் வரை எல்லோரையும் அழைக்கிறான், என்னை மட்டும் இன்னும் காணோம்.

ஒட்டகச்சிவிங்கி சார் போய்விட்டார் என்ற செய்தி உனக்கும் வந்திருக்கும். துக்கத்துக்குப் போக முடியவில்லை. அன்று ராத்திரி படுத்திருந்தபோது, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவர் நம்மை வதைத்தது ஞாபகம் வந்தது. ஒரு பாடவேளை முழுக்க ஒரே ஒரு பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, அது செய்வதை எல்லாம் எழுதிக் கொண்டு வரச் சொன்னாரே? நீ ஒரு பையனைப் பற்றி 'மூக்கு நோண்டினான்' என்று பதினொரு முறை எழுதிக் கொடுத்து, அவர் அதற்கும் மதிப்பெண் போட்டார். அவருக்குச் செய்யும் கருமாதியாக நினைத்து, மறுநாள் ஒரு பிள்ளையின் அருகில் போய் உட்கார்ந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாலாம் வகுப்புப் பெண். 2022இல் சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் வரவைக்க எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம் அல்லவா, அவள் நாலாவது வருஷமாக அரும்பு. அம்மா விடியற்காலையில் பூப் பறிக்கப் போகிறவர். "சீக்கிரம் மலருக்கு வந்துவிட வேண்டும்" என்று ஒருநாள் தட்டிக்கொடுத்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மலர்ந்துவிட்டால் சந்தையில் எடுக்க மாட்டார்கள் சார். மொட்டுக்குத்தான் விலை." திட்டம் போட்டவர்களில் ஒருவரும் மல்லிகை விற்றதில்லை போலிருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. தான் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

சரி, அருகில் உட்கார்ந்தேன். வாசிக்கச் சொன்னேன். 'பட்டம்' வருகிறது, 'மாடு' வருகிறது, 'கிளி' வருகிறது. 'தலை' என்ற இடத்தில் 'தைல' என்றாள். 'மழை'யை 'மைழ' என்றாள். 'பறவை', 'பறைவ' ஆயிற்று. 'கோழி'யைக் 'காழி' என்றாள். பத்து நிமிஷம் கழித்துத்தான் என் மண்டைக்கு ஏறியது. அவளுக்குத் தெரியாதது தமிழ் இல்லை, கொம்பு. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு இந்த மூன்றுதான். கால், சுழி, விலங்கு எதிலும் தடுமாற்றம் இல்லை.

யோசித்துப் பார். 'கே' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க். கையில் முதலில் வருவது கொம்பு. இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் ஒரு எழுத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து கொம்பைச் சேர்த்துக்கொள் என்கிறோம். 'கோ'வில் அது இரண்டாக உடைந்து இரண்டு பக்கமும் நிற்கிறது. அவள் பார்த்த வரிசையில் ஒழுங்காகப் படித்தாள்: கொம்பை முன்னால் இருந்த எழுத்தோடு ஒட்டினாள். அவள் கணக்கில் அது நியாயம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, 'லை', 'னை' எல்லாம் பழைய தும்பிக்கை வடிவத்தை விட்டுவிட்டு ஒரேமாதிரிக் கொம்பு போட்டுக்கொண்டபோது, ஏழாம் வகுப்பில் நாம் எத்தனை மாதம் தடுமாறினோம்! நமக்கு மாறியது பதின்மூன்று எழுத்துதான். நீ இன்றைக்கும் கையெழுத்தில் தும்பிக்கை போடுகிறாய். உன்னை யாரும் அரும்பில் உட்கார வைக்கவில்லை.

கணக்கிலும் அவள் அரும்புதான். வாக்கியக் கணக்கை நான் வாசித்துக் காட்டினேன்; முடிப்பதற்குள் விடை சொன்னாள். நாலு வருஷமாகக் கணக்கு என்ற பெயரில் நான் வாசிப்பைச் சோதித்திருக்கிறேன்.

உடனே நீ கேட்பாய், இதைக் கண்டுபிடிக்க நாலு வருஷமா என்று. ஆம், நாலு வருஷம். நாற்பத்தொரு பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நாங்கள் இரண்டு பேர். அறுபது பேர் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம். ஒருத்தி அருகில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தால் மற்ற நாற்பது பேரும் கூரையைப் பிரித்துவிடுவார்கள். அன்று பிரிக்கத்தான் செய்தார்கள், ஒரு ஜன்னல் கொக்கி போயிற்று. ஆனால் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. நான் அவள் தாளைத்தான் திருத்தினேன். அவள் படிப்பதைக் கேட்கவில்லை.

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது நாம் சண்டை போட்டோமே, 2007இல். நாற்காலியை எடுத்துவிட்டுப் பாயில் உட்காரச் சொன்னார்கள். சுவரில் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தல். ஏணி அட்டையைப் பார்த்துவிட்டு நீ "பாம்பு எங்கே?" என்று கேட்டாய். இப்போது நினைத்தால் அந்த ஏணியில் ஒரு நல்லது இருந்தது. அவரவர் வேகத்தில் ஏறினார்கள். யானைப் படம், அணில் படம் என்று அட்டைக்குத்தான் அடையாளம், பிள்ளைக்கு இல்லை. ஆந்திராவில் ரிஷி பள்ளத்தாக்கின் சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகளில் வளர்ந்த முறை அது. நம்மிடம் வந்து, அட்டை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கேட்பதற்கு அருகில் ஆள் வேண்டும் என்பது அதிலும் நடக்கவில்லை.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியையிடம் சொன்னேன். சின்னப் பெண், உன் மகள் வயதுதான் இருக்கும். எனக்குத் தெரியாததை அரை மணி நேரத்தில் காட்டினார். மெய்யைச் சிவப்பிலும் கொம்பை நீலத்திலும் எழுதி, சிவப்பை முதலில் சொல்லவைத்தார். கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம், மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போங்கள் என்றார். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள இருபத்தொரு குறைபாடுகளில் அதுவும் ஒன்றாம். சான்று இருந்தால் பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு.

அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெண் பிள்ளைக்கு அப்படி ஒரு அட்டை வேண்டாம் சார்" என்றார். இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரும்பு என்ற அட்டையை நாலு வருஷம் நாங்கள் குத்திவைத்திருந்தோம். உதவி தரும் அட்டையைக் காட்டும்போது அவர் பயப்படுகிறார். அவரைக் குறை சொல்ல நான் யார்? பொங்கல் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்கப் போகிறேன். நீ என்றால் எப்படிப் பேசுவாய் என்று எழுது. அம்மாமார்களிடம் உனக்கு இருக்கும் நாக்கு எனக்கு இல்லை.

மே மாதத்தோடு நான் வெளியே. அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போவாள், பிறகு ஆறுக்கு வேறு பள்ளி. பதிவேட்டில் அவளுக்கு என்ன நிலை என்று எழுதக் கட்டம் இருக்கிறது. 'கொம்பில் நிற்கிறாள், வாசித்துக் காட்டினால் கணக்குப் போடுவாள்' என்று எழுத இடம் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஆறு பக்கம் ஆகியிருக்கிறது. நாற்பத்தொன்றாவது பிள்ளைக்கு அட்டையின் உட்பக்கம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் டின்னை வெட்டி நீ செய்து வைத்திருந்தாயே, மெய் தனி, கொம்பு தனி, கால் தனி என்று? மேசையில் பரப்பியபோது நான்தான் 'தகரக்கடை' என்று பெயர் வைத்து விடுதி முழுக்கச் சிரிக்கவைத்தேன். அது இப்போது எனக்கு வேண்டும். அவள் முதலில் க வைக்கட்டும், வாயால் சொல்லட்டும், பிறகு கொம்பைக் கையால் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தட்டும். தாளில் அது நடக்காது. பரணில்தான் கிடக்கும், உன் வீட்டில் எதையும் எறிய மாட்டீர்கள். கோவில்பட்டியில் காலை பஸ்ஸில் ஏற்றிவிடு, கழுகுமலை வழியாக வருவது. கண்டக்டரிடம் என் போன் நம்பரைக் கொடு. இந்தத் தடவை எடுப்பேன்.

விளிம்பை மட்டும் அரத்தால் ராவிவிடு. அந்த நாளில் உன் இரட்டைக்கொம்பு என் விரலைக் கிழித்தது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்