முழு மறைப்பின் நேரத்தை விநாடி வரை அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூரிய கிரகணம் நெருங்கும்போதெல்லாம் 'வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்' என்ற எச்சரிக்கை நாளிதழ்களில் தவறாமல் வருகிறது. பகுதி கிரகணத்துக்கும் வளைய கிரகணத்துக்கும் அந்த ஒரு வரி போதும். முழு கிரகணத்துக்குப் போதாது. சந்திரன் சூரியனை முற்றிலும் மறைத்திருக்கும் சில நிமிடங்களில் கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் கழற்றவே கூடாது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால், ஒருவர் கண்ணை இழப்பார், இன்னொருவர் காட்சியை இழப்பார். 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தில் எகிப்தின் லக்சர் அருகே முழு மறைப்பு 6 நிமிடம் 23 விநாடி நீடிக்கும் என்பது கணக்கு. அவ்வளவு நேரமும் கண்ணாடியோடு நிற்பவருக்குத் தெரியப்போவது வெறும் இருட்டு.

சூரியனின் விட்டம் சந்திரனைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. அதனால் வானத்தில் இரண்டும் அரை பாகை அளவில் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆனால் சந்திரனின் தொலைவு மாறிக்கொண்டே இருக்கிறது. தொலைவில் இருக்கும்போது அது சூரியனை முழுவதும் மூட முடியாமல் விளிம்பு வளையமாக எஞ்சுகிறது. வளைய கிரகணத்தில் கண்ணாடியைக் கழற்றத்தக்க கணம் ஒன்றுகூடக் கிடையாது. சந்திரனின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் ஒவ்வோர் அமாவாசையிலும் கிரகணம் வருவதில்லை.

சந்திரனின் கருநிழல், அதாவது சூரியன் முழுவதும் மறையும் நிழல், பூமியில் விழும் பட்டை பெரும்பாலும் 270 கிலோமீட்டருக்கு மேல் அகலம் போகாது. அந்தப் பட்டைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே முழு கிரகணம். வெளியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பகுதி கிரகணம்தான். இங்கேதான் '99 சதவீதம் மறையும்' என்ற தலைப்புச் செய்தி மக்களை ஏமாற்றிவிடுகிறது. சூரியன் முழுநிலவைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு பிரகாசமானது. ஒரு சதவீதம் எஞ்சினாலும் ஆயிரக்கணக்கான முழுநிலவுகளின் ஒளி அது. சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய ஒளிவட்டமான கரோனாவோ மொத்தமாகவே முழுநிலவின் அளவுக்குத்தான் ஒளிரும். ஆகவே 99 சதவீத ஊரில் கரோனா தெரியாது. கண்ணாடியைக் கழற்றவும் கூடாது. முடிந்தவர்கள் பட்டைக்குள் பயணம் செய்வதே நல்லது. அதிலும் ஓரத்தில் நின்றுவிடக் கூடாது. ஓரத்திலிருந்து மையக்கோட்டுக்கு உள்ள தூரத்தில் கால்பங்கு உள்ளே வந்தாலே, மையத்தில் கிடைக்கும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடும்.

கிரகண நாளில் சூரியன் புதிதாக எந்தக் கதிரையும் வீசுவதில்லை. மற்ற நாட்களில் கண் கூசுவதால் தானாகவே பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம். கிரகணத்தின்போது வெளிச்சம் குறைவதால் அந்தக் கூச்சம் குறைகிறது, கண்பாவை விரிகிறது. ஆனால் எஞ்சியிருக்கும் பிறையின் ஒவ்வொரு புள்ளியும் பழைய கடுமையோடு விழித்திரையில் குவிகிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ பார்வையின் நடுவில் மங்கலான புள்ளி தோன்றும். சிலருக்கு அது நிலைத்தும்விடும். அப்படித் தோன்றினால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கிரகணக் கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரக்குறி இருக்க வேண்டும். ஆனால் குறியை யாரும் அச்சடித்துவிடலாம் என்பதால், நம்பகமான இடத்தில் வாங்குவதோடு சோதித்தும் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் அணிந்தால் மிகப் பிரகாசமான விளக்கு மங்கலாகத் தெரியலாம். வேறெதுவும் தெரியக் கூடாது. விளக்குக்கு எதிரே பிடிக்கும்போது கீறலோ ஊசித்துளையோ தென்பட்டால் தூக்கி எறிந்துவிடுங்கள். இந்தத் தரம் அனுமதிக்கும் ஒளி அதிகபட்சம் 0.0032 சதவீதம். சாதாரணக் கூலிங் கிளாஸ் 10 முதல் 20 சதவீதம் வரை உள்ளே விடுகிறது. தண்ணீரில் தெரியும் பிம்பம் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். சூரியன் உச்சியில் இருக்கும்போதே தண்ணீர் 2 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அது அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 600 மடங்குக்கு மேல். சூரியன் தாழத் தாழ இன்னும் கூடும். புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், சிடி ஆகியவற்றையும் நம்பக் கூடாது. வெல்டிங் கண்ணாடி என்றால் 12 முதல் 14 வரையிலான எண்கள் மட்டுமே. 14 கண்ணுக்கு இதமாக இருக்கும். மெல்லிய மேகமும் பாதுகாப்பு அல்ல.

கண்ணாடியை அணிந்த பிறகே தலையை நிமிர்த்த வேண்டும். தலையைக் குனிந்த பிறகே கழற்ற வேண்டும். சிறுவர்களுக்கு இதை முந்தைய நாளே பழக்குவது நல்லது. கிரகணக் கண்ணாடியோடு பைனாகுலர், தொலைநோக்கி, கேமரா எதிலும் கண் வைக்கக் கூடாது. குவிந்த ஒளி அந்த மெல்லிய படலத்தைப் பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போய்விடும். வடிகட்டி எப்போதும் கருவியின் முன்பக்கத்தில், காற்றில் கழன்று விழாதபடி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் திருகிப் பொருத்தும் சிறிய வடிகட்டி சூட்டில் விரிசல் விடக்கூடியது. அதைப் பயன்படுத்தவே வேண்டாம். தொலைநோக்கியின் பக்கத்தில் உள்ள சிறிய குறிநோக்கியை (இலக்கைத் தேட உதவும் சிறு தொலைநோக்கி) மூட மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

கண்ணாடி கிடைக்காதவர்களுக்கு ஊசித்துளை போதும். அட்டையில் 1 மில்லிமீட்டர் துளை, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பது, 1 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத் தாள். 9 மில்லிமீட்டர் அகலத்தில் பிறை விழும். துளை வழியாகச் சூரியனைப் பார்ப்பதல்ல இந்த முறை. தாளைத்தான் பார்க்க வேண்டும். பலர் சேர்ந்து பார்க்க, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாளால் மூடி 5 மில்லிமீட்டர் துளையிட்டு, 10 மீட்டர் தள்ளியுள்ள நிழலான சுவரில் ஒளியை விழச் செய்யலாம். 9 சென்டிமீட்டர் பிம்பம் கிடைக்கும். யாரும் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இனி முழு மறைப்பு. கடைசிச் சில விநாடிகளில் பிறை அறுந்து, சந்திரனின் பள்ளத்தாக்குகள் வழியே ஒளி மணிகளாகக் கசியும். ஒரே ஒரு மணி எஞ்சும்போது அது வைர மோதிரம் போலத் தெரியும். கண்ணாடி வழியே அந்தக் கடைசிப் புள்ளியும் மறைந்து எதுவுமே தெரியாதபோதுதான் கழற்ற வேண்டும். பிறகு கண் முன்னே இருப்பதை எந்தப் புகைப்படமும் முழுதாகக் காட்டியதில்லை: முத்து வெண்மையில் நீண்டு பரவும் கரோனா, விளிம்பில் செந்நிறத் தீ நாக்குகள், பகலில் தெரியும் வெள்ளிக் கோள், தொடுவானம் முழுவதும் அந்தி நிறம். படமெடுப்பதில் இந்த நிமிடங்களைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஒளி திரும்பப்போவது, சந்திரன் சூரியனை முதலில் மறைக்கத் தொடங்கிய பக்கத்தில்தான். அந்த விளிம்பில் இளஞ்சிவப்புக் கோடு தோன்றிப் பிரகாசம் கூடினால் கண்ணாடியை அணிய வேண்டும். பைனாகுலரில் பார்ப்பவர்கள் முடிவுக்கு 20 விநாடிக்கு முன்பே ஒலிக்கும்படி அலாரம் வைத்துக்கொண்டு, அது ஒலித்ததும் விலகிவிட வேண்டும்.

எனவே, முழு கிரகணச் செய்தி வெளியிடும்போது ஊர் பட்டைக்குள் இருக்கிறதா இல்லையா, முழு மறைப்பு தொடங்கும் முடியும் நேரங்கள், அப்போது சூரியன் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பவற்றை முதல் பக்கத்திலேயே அட்டவணையாகத் தாருங்கள். பட்டைக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு நேரே 'கண்ணாடியைக் கழற்றக் கூடாது' என்று தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரே நகரத்தின் இரு முனைகளுக்கு இடையே இந்த நேரங்கள் பல விநாடிகள் மாறக்கூடும் என்பதால், எந்த இடத்துக்கான கணக்கு என்பதையும் அட்டவணையிலேயே குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்