காந்தால் மலை ஒரே நாளில் சுற்றுகிற இடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பிரான்சின் ஓவெர்ன் பகுதியைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பிரான்சில் மலை என்றாலே ஆல்ப்ஸ்தான் என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் காந்தால் வரை வந்ததில் மகிழ்ச்சி. ஆனால், வாடகைக் கார் ஒன்று எடுத்துக்கொண்டால் புய் மாரி, ப்ளோம் து காந்தால் என்ற சிகரங்கள், சலேர்ஸ், முரா என்ற ஊர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று அதில் இருந்த யோசனையை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதற்காகவே இந்தக் கடிதம்.

காந்தால் என்பது தனித்தனிச் சிகரங்களின் வரிசை அல்ல. குறுக்களவில் ஏறக்குறைய 70 கி.மீ. அகலமுள்ள ஒரே பழைய எரிமலை அது. இங்கே வருகிறவர்கள் எரிமலை வாயைத் தேடி ஏமாறுவார்கள். கிண்ணம் போன்ற வாய்களைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே கிளெர்மோன்-ஃபெரான் அருகே இருக்கும் இளம் எரிமலை வரிசைக்குப் போக வேண்டும். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அந்த வரிசைதான். காந்தாலில் பனிப்பாறைகள் எரிமலையை நடுவிலிருந்து நாலாபுறமும் அரித்து, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலப் பள்ளத்தாக்குகளை வெட்டிவிட்டன. 1,783 மீட்டர் உயரமுள்ள புய் மாரி கூம்பாகத் தெரிவதும் பனி பல பக்கங்களிலிருந்தும் சீவியதால்தான். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் பறவை பறந்தால் சில நிமிடம். கார் போனால் கணவாய் ஏறி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அடிவாரம் வரை இறங்கிச் சுற்ற வேண்டும். நாள் முழுக்க வளைவுச் சாலையில் ஸ்டியரிங்கைத் திருப்பியதுதான் மிஞ்சும்.

ஆகவே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து மூன்று நாள் அங்கேயே தங்குவதுதான் சரி. என் தேர்வு சேர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதன் மறுபக்கமான அலன்யோன் ஆற்றுப் பள்ளத்தாக்கும். காரணம் எளிது: இரண்டையும் இணைத்து ரயில் ஓடுகிறது. பாரிஸில் லா சப்பல் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிளெர்மோன்-ஃபெரான் ரயில் கார் து லியோன் நிலையத்தில் இருந்து புறப்படுவதில்லை; அங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள பெர்சி நிலையத்திலிருந்து புறப்படுகிறது. பயணம் சுமார் மூன்றரை மணி நேரம். கிளெர்மோனில் ஓரியாக் செல்லும் வண்டிக்கு மாறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முரா, லெ லியோரான், விக்-சுர்-சேர் என்று வரிசையாக வரும். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். கடைசி வண்டியைத் தவறவிட்டால் மலையில் டாக்ஸி நின்றுகொண்டிருக்காது.

பேருந்தை நம்புகிறவர்கள் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். கிராமப் பேருந்துகள் பலவும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓடுபவை. பள்ளி நாட்களில் மட்டும் என்ற குறி இருந்தால், சுற்றுலாப் பயணிகள் வருகிற ஜூலை, ஆகஸ்டில் அந்த வண்டி இருக்காது. முன்பதிவு செய்தால் மட்டும் வரும் என்ற குறி இருந்தால் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும்.

லெ லியோரான் நிலையம் ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பனிச்சறுக்குக் குடியிருப்பு. அங்கிருந்து கம்பிவடக் கார் ஏறினால் 1,855 மீட்டர் ப்ளோம் து காந்தாலுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் இறக்கிவிடும். இந்த மாவட்டத்தின் உச்சி அதுதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அது ஓடாத வாரங்கள் உண்டு. தேதியைப் பார்த்துவிட்டு விடுதி பதிவு செய்யுங்கள்.

நடக்கத் தெம்பிருந்தால் புய் க்ரியூ (1,690 மீட்டர்). குடியிருப்பிலிருந்து ஃபோன் தெ சேர் கணவாய் வழியாகப் போகும் பாதை. முதலில் காடு, பிறகு மேய்ச்சல் நிலம், கடைசியில் கையையும் ஊன்றி ஏறும் கற்குவியல். அந்தக் கல் ஃபோனோலைட். தட்டினால் கணீரென்று ஒலிக்கும், பெயரும் அதனால் வந்ததே. மழை பெய்து ஈரமாக இருந்தால் அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுவது நல்லது. கற்குவியலின் அடியிலிருந்தே காட்சி முக்கால்வாசி கிடைத்துவிடுகிறது. மாறாக, புய் மாரியிலிருந்து கிழக்கே முகட்டின் மேல் போகும் பாதையில் ரோலான் பிளவு என்று ஓர் இடம் உண்டு. பாறையில் தொற்றி இறங்கி ஏற வேண்டும், கீழே சரிவு. சிறு பிள்ளைகளுடன் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நேரத்தைக் கணக்கிட அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு: சமதரையில் மணிக்கு 4 கி.மீ., ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம். வழிகாட்டிப் பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் உட்காருவதும் சாப்பிடுவதும் சேராது. நெடும்பாதைகளுக்கு வெள்ளை-சிவப்புக் கோடு, உள்ளூர்ச் சிறு சுற்றுகளுக்கு மஞ்சள் கோடு. பெருக்கல் குறி கண்டால் அது தப்பான திசை. கைபேசியை மட்டும் நம்பாமல் 1:25,000 அளவுள்ள 2435 OT எண் அரசு வரைபடத்தை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 செ.மீ. என்றால் தரையில் 250 மீட்டர். பள்ளத்தாக்குகளில் சிக்னல் அடிக்கடி போய்விடும். அவசர எண் 112.

இந்த மலையில் ஆளைக் கவிழ்ப்பது உயரம் அல்ல, மேகம். அட்லாண்டிக் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதும் உயரமான இடங்களில் இது ஒன்று. பத்து மணிக்கு நீல வானம், பதினோரு மணிக்குக் கால் தெரியாத மூடுபனி என்பது ஜூலையிலும் நடக்கும். முகட்டில் மரம் இல்லை. இடி இறங்கினால் ஒதுங்க இடமில்லை. எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கி, இரண்டு மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுவது வழக்கம். காற்றுத் தடுக்கும் மேலாடை ஆகஸ்டிலும் பையில் இருக்கட்டும். ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் மேலே நூறு மாடு மேய்கிறது. குடிக்காதீர்கள்.

மாடுகளைப் பற்றித் தங்கள் கட்டுரையில் படம் மட்டும் இருந்தது. செம்பழுப்பு நிறம், யாழ் வளைவுக் கொம்பு. அதுதான் சலேர்ஸ் பசு. கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் பால் சுரக்காத இனம். கறக்கும்போது கன்றைத் தாயின் முன்னங்காலில் கட்டி, கன்றின் முதுகில் கைப்பிடி உப்பைத் தூவுவார்கள். தாய் நக்கிக்கொண்டே நிற்கும். மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு நிற்கும் பசுவுக்கும் அதன் கன்றுக்கும் நடுவில் நுழைந்து போட்டோ எடுப்பதுதான் பயணிகள் செய்யும் பெரிய தப்பு. விலகிச் சுற்றிப் போங்கள். மூடியிருந்த படலை மூடிவிட்டுப் போங்கள்.

அதே பெயருள்ள சலேர்ஸ் சீஸ், பசு புல் மேயும் ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும் பண்ணைகளில் தயாராகிறது. கறந்த பச்சைப் பாலை மரத்தொட்டியிலேயே உறைய வைக்கிறார்கள். காந்தால் சீஸ் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். 30 முதல் 60 நாள் முதிர்ந்தது இளசு, 240 நாளுக்கு மேற்பட்டது பழசு. இங்கே ஒரு சூட்சுமம்: சலேர்ஸ் என்று பெயர் போட்டிருப்பதாலேயே அது சலேர்ஸ் பசுவின் பால் என்று ஆகாது, முழுக்க அந்தப் பசுவின் பால் என்றால் ‘ட்ரடிசியோன் சலேர்ஸ்’ என்று தனியாக எழுதியிருக்கும். கண்டிப்பான சைவக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைநொதி. உருளைக்கிழங்கும் புதுச் சீஸும் கிளறிச் செய்யும் த்ரூஃபாத் பார்க்கச் சைவம் போலிருக்கும். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியது. “சைவம்” என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம். இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சமையலறை பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரண்டு மணிக்கு முன்பே ஓய்ந்துவிடும். கடைகளும் அந்த நேரத்தில் பூட்டு. ஞாயிறு மதியமும் திங்களும் பல ஊர்களில் ரொட்டிகூடக் கிடைக்காது.

கார் உள்ளவர்கள் ஒரு நாளை சலேர்ஸுக்கும் தூர்ன்மீருக்கும் ஒதுக்கலாம். சலேர்ஸ் கரிய எரிமலைப் பாறையில் கட்டிய ஊர், ஆகஸ்டில் பதினோரு மணிக்கு மேல் திருவிழாக் கூட்டம். காலையில் சீக்கிரம் போனால்தான் அந்த வீதிகளின் அமைதி புரியும். தூர்ன்மீரில் சரிவோடு ஒட்டிய ஒரே வீதியும், நான்கு மூலைக் கோபுரங்களோடு 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த அன்ஜோனி கோட்டையும் இருக்கின்றன. எனக்குச் சலேர்ஸைவிட இதுதான் பிடிக்கும்.

புய் மாரிக்கு 1,588 மீட்டரிலுள்ள பா தெ பெய்ரோல் கணவாய் வரை கார் போகும். அங்கிருந்து உச்சிக்குப் படிக்கட்டு, செங்குத்தானது, அரை மணி நேரம். படியை விட்டுப் புல்லில் ஏறாதீர்கள். மிதிபட்ட புல் பட்டுப்போய், மழைநீர் மண்ணை அரித்து ஓடையாக்கியதால்தான் படியே போட்டார்கள். கட்டுரையாளர் ஈஸ்டர் விடுமுறையில் போகச் சொல்கிறார். இலையுதிர் கால இறுதியிலிருந்து வசந்தம் வரை பனியால் அந்தக் கணவாய் மூடிக்கிடக்கும். சில ஆண்டுகளில் மே மாதத்தில்தான் திறக்கிறார்கள். போதாக்குறைக்கு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மலைச் சாலைகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேட்க வேண்டும்.

இந்தக் கணவாய் விஷயத்தையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் பெட்டிச் செய்தியாகப் போட்டுவிடுங்கள். ஈஸ்டருக்கு டிக்கெட் எடுத்தவர்கள் இருந்தால் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிளெர்மோன்-ஃபெரான்