இடைநிற்கும் ஊரில் இறங்கிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பக்கத்தில் விமான டிக்கெட் எடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடுவில் விமானம் மாறுகிற நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று அதில் இருந்தது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது சரிதான். ஆனால் லீவு முடிந்து வெளிநாட்டு வேலைக்குத் தனியாகத் திரும்புகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த யோசனை பொருந்தாது. 10 மணி நேரமோ 15 மணி நேரமோ இடைவெளி கிடைத்தால் வெளியே போய் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வர வேண்டும், முடிந்தால் அப்படிப்பட்ட டிக்கெட்டையே கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் சொல்கிறேன் என்றால், லீவில் வந்திருக்கும் நாட்களில் நம் நேரம் நம் கையில் இருப்பதில்லை. யாரைப் பார்க்கவில்லை, எந்த வீட்டுக்குப் போகவில்லை, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஓடி ஓடி, கடைசி ராத்திரி பெட்டியை எடை போட்டுப் பிரித்து மறுபடி கட்டி, எல்லோரும் வாசலில் நிற்க வண்டி ஏறுகிறோம். அந்தப் பக்கம் போய் இறங்கினால் மறுநாள் காலையில் ஆபீஸ். விடைபெற்ற கனம் மனதைவிட்டு இறங்குவதற்குள் மெயில்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்போம். இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத சில மணி நேரம் எனக்குத் தேவைப்படுகிறது. வேலைக்காக ஊரைவிட்டுப் போன பலருக்கும் அது தேவை என்றே நினைக்கிறேன்.

இஸ்தான்புல்லில் ஒரு பகல் பொழுது அப்படிக் கிடைத்தது. பழைய நகரத்திலிருந்து விமான நிலையம் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் போகவர ஆகும் நேரத்தை முதலில் கழித்துக்கொண்டு, மிச்சத்தில் ஒரே ஒரு காரியம் மட்டும் செய்தேன்: எமினோனு துறையில் படகு ஏறி பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து, ஐரோப்பாக் கரையிலிருந்து ஆசியாக் கரையில் இருக்கும் கடிகோய்க்குப் போய்விட்டு அடுத்த படகில் திரும்பினேன். பெரிய மசூதிகள் எதற்குள்ளும் போகவில்லை, அதில் வருத்தமும் இல்லை. படகில் பாதிப் பேர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் செருப்பிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து, இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துவிட்டார். கடல்பறவைகள் படகோடு ஒட்டிப் பறந்து வந்ததை அவர் பார்க்கவே இல்லை, தினமும் பார்ப்பதுதானே. வேற்று நாட்டில் நான் வாழப் போவதும் இதே மாதிரி ஒரு சாதாரண வாழ்க்கைதான், அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அங்கே நின்றபோது தோன்றியது. எத்தனையோ பேர் எனக்குச் சொன்ன ஆறுதல் செய்யாததை அந்தப் படகு செய்தது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இதுதான். வெளிநாட்டில் வசிக்கும் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு வழியில் உள்ள சில நாடுகள் கதவைச் சுலபமாகத் திறக்கின்றன, அது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் துருக்கிக்கு இ-விசா எடுக்கலாம். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசா அல்லது நீண்டகால அனுமதி உள்ள இந்தியர்கள், அடுத்த பயணத்துக்கான டிக்கெட்டோடு வந்தால் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்கலாம். சாங்கி விமான நிலையமே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்களுக்கு இலவச நகர் உலா நடத்துகிறது. ஷெங்கன் நாடுகளில் விமானம் மாறுவதற்கு மட்டும் தரும் விமான நிலைய டிரான்சிட் விசாவோ அப்படியல்ல, அதை வைத்துக்கொண்டு வெளியே காலடி வைக்க முடியாது. அமெரிக்காவில் வெளியே போகிற எண்ணமே இல்லாமல் விமானம் மாறினாலும் இமிகிரேஷனைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதற்கே விசா வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு வரும். நாம் ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால் அந்தப் பொறுப்பு கிடையாது. பெட்டி கடைசி ஊர்வரை போகிறதா என்பதைக் கவுன்டரில் வாயால் கேட்பதோடு, ஒட்டுகிற சீட்டில் உள்ள, போய்ச் சேரும் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டில் கையில் இருந்தால், வெளியே போய்த் திரும்பி வரும்போது, 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் அது போய்விடலாம். கணக்கு எளிது: இமிகிரேஷன் வரிசைக்கு ஒரு மணி நேரம், போகவர ஆகும் நேரம், அப்புறம் விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் திரும்பி நிற்பது, இவை போக நான்கு மணி நேரமாவது மிஞ்சினால் கிளம்பலாம். மிஞ்சாவிட்டால் பேசாமல் உள்ளேயே தூங்குங்கள்.

தனியாகப் போகிற பெண்களிடம் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், ஏர்போர்ட்டைவிட்டு நகராதே என்று. வேற்று நாட்டில் வீடு பிடித்து, வேலை பார்த்து, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியே திரும்புகிற ஒரு பெண்ணால் நட்டநடுப் பகலில் ரயில் ஏறி ஓர் ஆற்றங்கரைவரை போய்விட்டு வர முடியாதா? அவர்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. அதற்காகத்தான் பகல் நேர இடைவெளியைப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன், போகிற இடத்தையும் திரும்புகிற நேரத்தையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போகச் சொல்கிறேன்.

டிக்கெட் போடும் ஏஜென்ட்டுகள் எவரும் இதையெல்லாம் தாமாகச் சொல்வதில்லை. நீண்ட இடைவெளி கேட்டால் நம்மை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். 24 மணி நேரத்துக்குள் இருந்தால் சர்வதேசப் பயணத்தில் பொதுவாக அது டிரான்சிட் கணக்குதான், அதைத் தாண்டினால்தான் ஸ்டாப்ஓவர், அதாவது வழியில் தங்குவது, ஆகிக் கட்டணம் மாறலாம் என்பதைக்கூட நானாகத்தான் தேடித் தெரிந்துகொண்டேன். உங்கள் பயணப் பக்கத்தில் மாதம் ஒரு டிரான்சிட் நகரத்தை எடுத்து, யாருக்கு விசா வேண்டும், பெட்டியை எங்கே வைக்கலாம், எந்த ரயில், ஆறு மணி நேரத்தில் எதுவரை போய்வரலாம் என்று எழுதுங்கள். போய்வந்தவர்களிடமும் கேட்டு வாங்கிப் போடுங்கள், இஸ்தான்புல் பற்றி நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு வாசகி