இரண்டு இரண்டாகத் தெரிந்தால் முதலில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் கண்புரை பற்றியும் சர்க்கரையால் விழித்திரை கெடுவது பற்றியும் அடிக்கடி வருகிறது, நல்ல விஷயம். ஆனால் திடீரென்று ஒருநாள் எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தால் என்ன செய்வது என்று நான் எங்கும் படித்ததில்லை. என் கணவருக்கு அது வந்தபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். பித்தம் என்றார்கள், பவர் ஏறியிருக்கும் என்றார்கள், கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடியே போட்டுக் கொடுத்தார்கள். அதைப் போட்ட பிறகும் தெருவில் ஒரு பஸ் வந்தால் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்தது.

அரசு மருத்துவமனை கண் டாக்டரம்மா ஒரு கண்ணை மூடச் சொன்னார், அப்புறம் மற்றதை. எதை மூடினாலும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இது பவர் சம்பந்தப்பட்டது இல்லை, கண்ணை அசைக்கிற நரம்பிலோ தசையிலோ கோளாறு என்று அப்போதே சொல்லிவிட்டார். ஒரு கண்ணை மூடியபிறகும் திறந்திருக்கிற கண்ணில் இரண்டாகத் தெரிந்தால்தான் அது பெரும்பாலும் புரை, கருவிழி வளைவு மாதிரியான விஷயம். இவருக்குப் பாதிப்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பில். பல வருடச் சர்க்கரையும் பிரஷரும் அந்த நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாயை அடைத்திருக்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பெரும்பாலோருக்கு 3 மாதத்துக்குள், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக, தானாகவே சரியாகிவிடும் என்றார். இவருக்கும் சரியாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலேயே காத்திருந்துவிட வேண்டாம். காரணம் எதுவென்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் காத்திருக்கலாம். இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா பெரிதாகி, கடுமையான தலைவலியும் இருந்தால் மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கலாம், அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தள்ளாட்டம், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் மரத்துப்போவது கூடவே வந்தால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் ஆக ஆக இமை தொங்கி இரட்டையாகத் தெரிந்தால் அது மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மாத்திரை இருக்கிறது. கிராமத்து ஆட்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியும்போது கண்ணைத் திறக்க முடியவில்லை, இரண்டாகத் தெரிகிறது என்றால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகப்பட வேண்டும். அது கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீக்கமும் இருக்காது. விஷம் அடுத்து மூச்சுத் தசையைப் பிடித்துவிடும். மந்திரிக்கிற நேரமெல்லாம் கிடையாது, செயற்கை சுவாசக் கருவி இருக்கிற மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

குணமாகும் வரைக்கும் நாளை ஓட்டுவது பெரிய பாடு. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றும், படி இறங்கப் பயம், தலைசுற்றல், எரிச்சல். ஒரு கண்ணை மறைப்பதுதான் உடனடி நிவாரணம், கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டினாலே போதும். கண்ணை மூடி வைத்தால் பார்வை போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள், பெரியவர்களுக்கு அப்படியெல்லாம் ஆகாது. ஆனால் ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகப் பிடிபடாது, அதனால் கைப்பிடியைப் பிடித்தே படி இறங்கட்டும், டாக்டர் சொல்லும்வரை பைக் சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். கண்ணாடி மேல் ஒட்டுகிற ப்ரிஸம் தகடு ஒன்று உண்டு, பிம்பத்தை நகர்த்தி இரண்டையும் ஒன்றாக்கும், எல்லாருக்கும் பொருந்தாது என்றாலும் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே வெகு தாமதமாகத்தான் தெரிந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அப்படி வருபவர்கள் 'எதுவும் இரண்டாகத் தெரிகிறதா' என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாமே. கண்ணாடிக் கடைக்காரர்களும் அளவு எடுக்கும் முன் இப்படி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லட்டும், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நீங்களும் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கேட்டு இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, லால்குடி