கோட்டில் விழாத புள்ளிகள்

அன்புள்ள மகனுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய, யுரேனியத் தாதுத் துண்டின் வயதைக் காட்டும் வரைபடத்தைக் காலையிலிருந்து நாலைந்து முறை பார்த்துவிட்டேன். 23 புள்ளிகள், ஒன்றுகூட கான்கார்டியா கோட்டின் மேல் விழவில்லை. "இந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு துண்டை எடுக்கலாம் என்று இருக்கிறேன் அம்மா" என்று எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தூக்கிப் போடாதே. அந்தத் துண்டில் நிறைய இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். யுரேனியத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டுகள் ஆகும், அது காரீயம்-206 ஆக முடிகிறது. யுரேனியம்-235க்கு 70.4 கோடி ஆண்டுகள் போதும், அது காரீயம்-207 ஆக முடிகிறது. ஒரே படிகத்துக்குள் வேறுவேறு வேகத்தில் ஓடும் இந்த இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். 1956இல் ஜார்ஜ் வெதெரில் போட்டுக் காட்டிய கான்கார்டியா வளைகோடு அதுதான்: இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகும் இடங்களின் கோடு. உன் புள்ளிகள் கோட்டை விட்டு விலகி நிற்கின்றன என்றால், நடுவில் யாரோ கடிகாரத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். யார், எப்போது என்பதுதான் நீ கேட்க வேண்டிய கேள்வி. நீயோ கடிகாரத்தையே குப்பையில் போடப் பார்க்கிறாய்.

யுரேனினைட்டு, அதாவது உன் தாதுவில் இருக்கும் யுரேனிய ஆக்சைடு, வயது பார்க்க வழக்கமாக எடுக்கும் சிர்கான் கனிமத்தைப் போல நல்ல பிள்ளை இல்லை. சிர்கான் தனக்குள் பிறந்த காரீயத்தைப் பெரும்பாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளும், அதுவும் மிகச் சிறிய அளவு காரீயம். யுரேனினைட்டில் பெரும்பகுதியே யுரேனியம். 130 கோடி ஆண்டுகளில் அதன் யுரேனியம்-238இல் 18 சதவீதம் சிதைந்துவிடும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு காரீயமும் அந்தப் படிகக் கூட்டுக்குள்ளேயே பிறக்கிறது. ஆனால் யுரேனியம் உட்கார்ந்திருந்த இடம் காரீயத்துக்குப் பொருந்தாது. மின்சுமை வேறு, அளவு பெரிது. வெந்நீர் ஒரு வழி காட்டினால் போதும், கிளம்பிவிடும்.

1907இல் பெர்ட்ரம் போல்ட்வுட் முதன்முதலாகக் காரீயத்தை வைத்து யுரேனியக் கனிமங்களின் வயதைக் கணக்கிட்டபோது, காரீயம் எவ்வளவு, யுரேனியம் எவ்வளவு என்று வேதியியல் முறையில் அளந்து வகுத்தார், அவ்வளவுதான். 41 கோடி ஆண்டில் தொடங்கி 220 கோடி ஆண்டு வரை வயதுகள் வந்தன. ஐசோடோப்பு என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. பிறந்த காரீயம் எதுவும் வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும். பூமிக்குக் கோடிகளில் வயது என்று ஒரு கனிமத்தின் வாயிலிருந்தே கேட்டுச் சொன்ன மனிதர் அவர். எனக்கு அவர் மேல் இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு.

சரி, உன் பாறைக்கு வருவோம். கனடாவின் அதபாஸ்கா வடிநிலத்து வகை என்று சொன்னாய். அடியில் பழைய உருமாறிய பாறை, அதன் மேல் ஏறக்குறைய 170 கோடி ஆண்டுக்கு முந்தைய மணற்பாறை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் தாது. சஸ்காட்செவனில் இருக்கும் சிகார் லேக் படிவும் இப்படித்தான் சுமார் 450 மீட்டர் ஆழத்தில், களிமண் போர்வைக்குள் இருக்கிறது. அதன் வயது சுமார் 130 கோடி ஆண்டு. மேலே தரையில் நின்று கதிரியக்கத்தை அளந்தால் கீழே இருப்பதன் சாடையே தெரியாது.

அந்தத் தாது எப்படி வந்தது என்று யோசி. மணற்பாறைக்குள் ஆக்சிஜன் கலந்த சூடான உப்புநீர் ஓடியது. ஆக்சிஜன் நிறைந்த நீரில் யுரேனியம் எளிதாகக் கரைந்து கூடவே போகும். கீழே அடிப்பாறையில் கிராஃபைட்டு நிறைந்த பிளவுகள். அங்கே ஆக்சிஜன் இல்லாத சூழல் எதிர்ப்பட்டதும் யுரேனியத்தால் கரைந்திருக்க முடியவில்லை, யுரேனினைட்டாகப் படிந்தது. அந்தப் பிளவு அதோடு மூடிக்கொள்ளவில்லை என்பதை நீ விட்டுவிட்டாய். நிலத்தட்டுகள் அசையும்போதெல்லாம் அதே பலவீனமான இடம்தான் திரும்பத் திரும்பத் திறக்கும். தாதுவைக் கொண்டு வந்து சேர்த்த வழியிலேயே பின்னால் வந்த நீர் காரீயத்தைத் தூக்கிக்கொண்டு போனது. இவ்வகைப் படிவில் கோட்டில் விழாத புள்ளிகள் வருவது உன் அளவீட்டின் குற்றம் இல்லை. அது இந்தப் பாறையின் பிறப்போடு வந்தது.

உன் படத்தில் என் கண்ணை முதலில் இழுத்தவை கோட்டுக்குக் கீழே கிடக்கும் 21 புள்ளிகள் இல்லை, மேலே நிற்கும் இரண்டு. அவற்றை நீ 'பிழை' என்று குறித்து வைத்திருக்கிறாய். அங்கேதான் நானும் ஒருமுறை விழுந்தேன். உன் வயதில் ஒரு மணற்பாறைத் தாதுவைக் கையில் வைத்துக்கொண்டு, துண்டை முழுதாகப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் போட்டேன். தாதுவின் வயது அதைத் தாங்கி நிற்கும் மணற்பாறையின் வயதைவிட அதிகமாக வந்தது. அடிப்பாறையிலேயே யுரேனியம் முன்பு சேர்ந்திருந்தது, பிறகு மேலே நகர்ந்தது என்று ஒரு கதை கட்டினேன். எட்டு மாதம் அந்தக் கதையை நம்பினேன். ஒரு கூட்டத்தில் படித்துக் காட்டியபோது மூத்தவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பொடிப்பதற்கு முன்னால் நுண்ணோக்கியில் பார்த்தாயாம்மா?" பார்க்கவில்லை. திரும்பி வந்து, மிச்சம் இருந்த துண்டை மெருகேற்றிப் பார்த்தேன். யுரேனினைட்டு நெடுக, வெள்ளை வெளேரென்று கலீனா. வெளியேறிய காரீயம் பக்கத்தில் கந்தகம் கிடைத்ததும் அங்கேயே கலீனாவாகக் குடியேறியிருந்தது. அத்தனையையும் நான் சேர்த்தே அரைத்திருந்தேன்.

இது ஏன் வயதைக் கூட்டிக் காட்டுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடு, மறக்காது. 130 கோடி ஆண்டுக்கு முன் பிறந்து யாரும் தொடாத தாதுவில், இன்று காரீயம்-207க்கும் காரீயம்-206க்கும் உள்ள விகிதம் 0.084 இருக்கும். இப்போது 90 கோடி ஆண்டுக்கு முன் வெந்நீர் வந்து, அதுவரை சேர்ந்த காரீயத்தை வெளியேற்றிக் கலீனாவாக்கியது என்று வைத்துக்கொள். யுரேனியம்-235 வேகமாகச் சிதைந்துபோகிற சாதி என்பதால் ஆதி காலத்தில் காரீயம்-207 கூடுதலாகப் பிறந்திருக்கும். கலீனாவில் யுரேனியம் இல்லாததால் அந்தப் பழைய விகிதம் அப்படியே உறைந்துபோகும். கணக்கிட்டால் சுமார் 0.1155 வரும். இதையே நேரடியாக வயதாகப் படித்தால் ஏறக்குறைய 189 கோடி ஆண்டு! தாது பிறந்து 130 கோடிதான் ஆகிறது, மணற்பாறைக்கே 170 கோடிதான். உன் இரண்டு புள்ளிகளிலும் அளவுக் கருவியின் அயனிக் கற்றை கலீனாவின் ஓரத்தைத் தொட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை வயதுக் கணக்கிலிருந்து எடுத்துவிடு, ஆனால் குறிப்பேட்டிலிருந்து எடுக்காதே. வெளியேறிய காரீயம் எங்கே போனது என்பதற்கு உன்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அவை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஓக்லோ நினைவுக்கு வரும். காபோனில் இருக்கும் அந்தப் படிவின் யுரேனியத்தில் 235இன் பங்கு 0.7202 சதவீதத்துக்குப் பதிலாக 0.7171 சதவீதமாக இருப்பதை 1972இல் பிரான்சின் பியர்லாட் ஆலையில் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை 'அளவீட்டுப் பிழை' என்று ஒதுக்கியிருந்தால், சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் பூமி தானாகவே அணு உலை நடத்தியது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அந்தக் காலத்தில் யுரேனியம்-235இன் பங்கு 3.7 சதவீதத்துக்கு அருகில் இருந்தது, அதனால்தான் அது நடந்தது. அங்கேயும் காரீயம் யுரேனினைட்டை விட்டுக் கிளம்பிக் கலீனாவாகியிருக்கிறது. ஆனால் உலையில் பிறந்த நியோடிமியம் பெரும்பாலும் படிகத்திலேயே தங்கிவிட்டது. காரீயம் ஓடிப்போன யுரேனினைட்டில் சமாரியம் நியோடிமியமாகச் சிதைவதை வைத்து வயது பார்க்கும் சமாரியம்-நியோடிமியம் முறையை முயன்று பார்க்கலாம் என்று நான் உன்னிடம் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

மற்ற 21 புள்ளிகள். அவற்றின் வழியே நீ இழுத்த நேர்கோடு மேலே 131 கோடியிலும் கீழே 28 கோடியிலும் கான்கார்டியாவை வெட்டுகிறது. மேல் வெட்டு தாதுவின் பிறப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கும் மனம் வருகிறது. கீழ் வெட்டைப் பார்த்து "28 கோடி ஆண்டுக்கு முன் ஒரு வெந்நீர் நிகழ்வு" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் நான் உன் கையைப் பிடிப்பேன். எந்த நிகழ்வும் இல்லாமல், காரீயம் சொட்டுச் சொட்டாகக் காலமெல்லாம் கசிந்துகொண்டே இருந்தாலும் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோடு போலவே வரிசை கட்டும் என்று ஜார்ஜ் டில்டன் 1960இலேயே காட்டிவிட்டார். அப்படி நடந்திருந்தால் கீழ் வெட்டு எந்த நிகழ்வின் தேதியும் இல்லை. ரேடான் வேறு இருக்கிறது. 238இன் வரிசையில் வரும் ரேடான்-222 நாலு நாளுக்குக் கொஞ்சம் குறைவான அரை ஆயுள் கொண்ட வாயு. வெடிப்பு விட்ட தாதுவில் அது நழுவிப்போக அவகாசம் உண்டு. 235இன் வரிசையில் வரும் ரேடான்-219 நாலு நொடியில் பாதியாகிவிடும், அதற்கு ஓட நேரமே இல்லை. ஆக, ரேடான் கசிவு 238இன் கடிகாரத்தை மட்டும் பாதிக்கும்.

28 கோடியை நீ நிஜம் என்று சொல்ல வேண்டுமானால், யுரேனியத்தைச் சாராத வேறொரு சாட்சி வேண்டும். மாறிப்போன யுரேனினைட்டுக்கு ஒட்டியே இல்லைட்டு (illite) என்ற, பொட்டாசியம் உள்ள களிமண் இருக்கும். பொட்டாசியம் ஆர்கானாகச் சிதைவதை வைத்துக் கணக்கிடும் ஆர்கான் முறையில் அதன் வயதைப் பார். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாக எழுது, ஒத்துப்போகாவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடு.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே விழுந்தது என்று குறி. பளிச்சென்று வெண்மையாக இருப்பது காரீயம் மிச்சமிருக்கும் பழைய யுரேனினைட்டு. சாம்பல் நிறமாக மங்கிய இடங்களில் சிலிக்கானும் கால்சியமும் உள்ளே புகுந்திருக்கும், ஓரங்களில் காஃபினைட்டு என்ற யுரேனிய சிலிக்கேட்டாகக்கூட மாறியிருக்கலாம். கால்சியம், சிலிக்கான் அளவை ஒரு பக்கமும் வயதை இன்னொரு பக்கமும் வைத்து ஒரு படம் போடு. அவை ஏற ஏற வயது குறைந்துகொண்டே வந்தால் அந்த 21 புள்ளிகளும் தாறுமாறாக இல்லை, வரிசையாக நிற்கின்றன என்று உன் கண்ணாலேயே பார்ப்பாய். இதற்குப் புது மாதிரியும் வேண்டாம், புதுக் கருவி நேரமும் வேண்டாம்.

இன்னொன்று. உன் பட்டியலில் 14ஆவது புள்ளி கோட்டுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது, காரீயம்-207/206 விகிதம் 0.0843. அது எந்தப் படிகம், படிகத்தின் நடுவா ஓரமா, பக்கத்தில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எழுது. படத்தையும் சேர்த்து அனுப்பு. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா