மருத்துவமனை வளாக வாகன நிறுத்தத்தைப் பிரீகாஸ்ட் (துண்டுகளை வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும்) முறையில் கட்டவும், மூட்டுகளைத் தனியே சோதிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
பிரீகாஸ்ட் யார்டு மேற்பார்வையாளர் (ஓய்வு),
அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மருத்துவக் கல்வித் துறை,
கர்நாடக அரசு, பெங்களூரு.

பொருள்: எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் கட்ட உத்தேசித்துள்ள பல அடுக்கு வாகன நிறுத்தம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஆறு ஆண்டுகளாக அந்த இரண்டு நாள் காலையும் நான் மருத்துவமனை வாசலில்தான் இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அவசரப் பிரிவுக்குத் திரும்பும் வளைவில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. வழியில் இரு சக்கர வண்டிகள். காவலாளி ஒவ்வொரு வண்டியாகப் பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தூக்கி ஓரம் வைத்தார். நானும் ஒரு கை கொடுத்தேன். பதினொரு வண்டிகள். அதற்குள் உள்ளே இருந்தவரின் மகன் பொறுக்க முடியாமல் இறங்கி, ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். வண்டிகளை நிறுத்தியவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் நோயாளியை அழைத்து வந்தவர்கள்தான், நிறுத்த வேறு இடம் கிடையாது.

ஆகவே வளாகத்தின் பின்பக்கம், பழைய ஊழியர் குடியிருப்பு இருந்த இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது மகிழ்ந்தேன். கூடவே கவலையும் வந்தது. அந்த இடத்துக்கும் பிரசவ வார்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுற்றுச்சுவரும் இரண்டு மழைமரங்களும் மட்டுமே. முப்பத்து நான்கு ஆண்டுகள் கான்கிரீட்டோடு பிழைத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வழக்கமான முறையில் கட்டினால் என்ன நடக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மாடிக்கு மாடி சென்ட்ரிங் அடிக்க வேண்டும், கம்பி கட்ட வேண்டும், கான்கிரீட் போட வேண்டும், கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓட வேண்டும். பிறகு பலகை பிரிக்கும் ஓசை. எம்-சாண்டும் சிமென்ட்டும் மாதக்கணக்கில் காற்றில் பறக்கும். கட்டுமானத் தூசியில் வரும் பூஞ்சை வித்துகள், எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளின் நுரையீரலில் தொற்றாக இறங்கும் என்பதைத் தங்கள் துறை மருத்துவர்களே சொல்வார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி மருத்துவமனையைச் சுற்றியுள்ள 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்கே ஒலியின் வரம்பு பகலில் 50 டெசிபல், இரவில் 40. வைப்ரேட்டர் ஓடும் இடத்தில் அந்த எண்களைப் பேசுவதே வேடிக்கை.

பிரீகாஸ்டில் இந்த வேலையில் பெரும்பகுதி ஊருக்கு வெளியே யார்டில் முடிந்துவிடும். தூண், பீம், தளப் பலகை எல்லாம் அச்சில் வார்த்து, நீராற்றி, அதே கலவையில் வார்த்த மாதிரிக் கனசதுரங்களை உடைத்துப் பார்த்துத் தேறிய பிறகே டிரெய்லரில் ஏறும். இங்கே கிரேன் தூக்கி வைக்கும். பெங்களூரு மக்களுக்கு இது புதிதல்ல. 2011 அக்டோபர் 20 அன்று ஓடத் தொடங்கிய பையப்பனஹள்ளி – எம்.ஜி. சாலை மெட்ரோவின் மேம்பாலமே வேறிடத்தில் வார்த்த துண்டுகளைக் கோத்ததுதான். அல்சூரில் எங்கள் தலைக்கு மேலேதான் அது போகிறது.

வாகன நிறுத்தத்துக்கு இந்த முறை பொருந்துவதற்குக் கணக்கும் ஒன்று உண்டு. ஒரு காருக்கு 5 மீட்டர் நீளம், எதிர் வரிசைக்கு 5, நடுவே வண்டி திரும்ப 6. ஆக 16 மீட்டர். முன்னழுத்தக் கம்பி (இழுத்துப் பிடித்து வார்க்கும் கம்பி) போட்ட இரட்டை டீ பலகை, அதாவது அடியில் இரண்டு விலா கொண்ட தளப் பலகை, இந்த 16 மீட்டரை இடையில் ஒரு தூணும் இல்லாமல் தாண்டிவிடும். சக்கர நாற்காலி இறக்குவோருக்கு 3.6 மீட்டர் அகல இடம் ஒதுக்கவும் தூண் குறுக்கே நிற்காது.

இந்த முறையின் குறையையும் மறைக்கவில்லை. அச்சுக்கான செலவு, ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தால்தான் கட்டுப்படியாகும். வார்த்த பிறகு ‘இங்கே ஒரு குழாய் விடலாம்’ என்று துளை போட்டால் முன்னழுத்தக் கம்பி அறுந்துபோகும். எனவே வடிகால், மின்குழாய், தீயணைப்புக் குழாய் எல்லாம் டெண்டருக்கு முன்பே வரைபடத்தில் இருக்க வேண்டும்.

அடித்தள நிறுத்தம் வேண்டவே வேண்டாம். இந்த ஊரில் நாலைந்து அடி தோண்டினாலே பாறை தட்டும் இடங்கள் பல. பாறை உடைக்கும் எந்திரத்தின் அதிர்வு பச்சிளங்குழந்தைகளின் தொட்டில் வரை போகும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிரீகாஸ்ட் கட்டடத்தின் உயிர் மூட்டில் இருக்கிறது. தூணின் மேல் தூண் நிற்கும் இடத்தில், கீழ்க்கம்பி மேல்தூணுக்குள் இருக்கும் குழலில் நுழையும். கீழ்த்துளை வழியாகக் கிரவுட் என்னும் இடைவெளி நிரப்பும் சிமென்ட் கலவையை அழுத்தி ஏற்ற வேண்டும். மேல்துளையில் அது குமிழியில்லாமல் கெட்டியாக வழிந்த பிறகுதான் அடைப்பான் செருக வேண்டும். ஒருமுறை, எந்த ஊர் எந்த வேலை என்பது வேண்டாம், மேல்துளையில் கலவை காய்ந்து அழகாகத் தெரிந்தது. எனக்கு என்னவோ சந்தேகம், ஆணியால் குத்தினேன். ஒரு விரல் அளவு மேல்பூச்சு பெயர்ந்தது. அதன் பின்னால் சுருட்டித் திணித்த சிமென்ட் மூட்டைக் காகிதம். உள்ளே வெற்றுக் குழல். அன்று மாலை கிரேனை நிறுத்தி, அந்த வரிசையில் எல்லாத் தூண்களையும் சோதித்தோம். மேலும் இரண்டு அகப்பட்டன.

1968 மே 16 அன்று லண்டனில் பிரீகாஸ்ட் பலகைகளால் கட்டிய ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப் பலகை ஒன்று விலக, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காகச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பலகைகளை ஒன்றோடொன்று பிணைப்பது போதாமல் போனதுதான் காரணம். நம் நாட்டில் இத்தகைய கட்டடங்களுக்கு ஐ.எஸ். 15916 என்ற நெறிமுறை 2010 முதல் இருக்கிறது. டெண்டரில் அதன் எண் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு மூட்டுக்கும் ஓர் எண், கிரவுட் ஏற்றிய நாள், பார்த்தவர் கையெழுத்து, புகைப்படம் என்று ஒரு பதிவேடு வேண்டும். ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்காத பொறியாளர் ஒருவர் அதைச் சரிபார்த்த பிறகே அடுத்த மாடி ஏற வேண்டும்.

தீயைப் பற்றியும் ஒரு சொல். 2017 டிசம்பர் 31 அன்று லிவர்பூல் நகர வாகன நிறுத்தம் ஒன்றில் ஒரு காரில் பிடித்த தீ சுமார் 1,400 வண்டிகளை எரித்தது. அங்கே தண்ணீர்த் தெளிப்பான்கள் இல்லை. இங்கே அவை வேண்டும். ஆக்சிஜன் தொட்டியிலிருந்து கட்டடம் தள்ளியும் இருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது டிரெய்லர்கள் பின்பக்கச் சாலை வழியாக மட்டுமே வர வேண்டும். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள பலகையைத் தூக்கும் கிரேனின் கை எந்த வார்டின் மேலும் சுழலக் கூடாது. இரவில் துண்டுகளை இறக்கினால் நோயாளிகள் தூங்க முடியாது, காலையில் இறக்கினால் புறநோயாளிகள் கூட்டம். ஆகவே பிற்பகல் 2 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வைத்துக்கொள்ளலாம். கட்டி முடித்த பின் உள்நோயாளிகளின் உடனிருப்பவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது; வாங்கினால் வண்டிகள் மறுபடி அந்த வளைவுக்கே வந்துவிடும்.

மூட்டுப் பதிவேட்டுக்கு ஒரு மாதிரிப் படிவமும் வாசல் வளைவின் கைவரைபடமும் இணைத்துள்ளேன். மனுவின் கன்னட மொழிபெயர்ப்பும் உடன் உள்ளது. தாங்கள் அழைத்தால் நேரில் வந்து விளக்குகிறேன், செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாளும்.

இப்படிக்கு,
மனுதாரர்