ராத்திரி ரெண்டு மணிக்கு பொறக்குற புள்ளைக்கும் ஒரு நர்ஸ் வேணும்: கடலூர் மாவட்ட சுகாதாரத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம மாவட்டத்துல இப்ப பிரசவம்னா எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தான் வராங்க, அதுக்கு கிராம சுகாதார நர்ஸ் அக்காங்க வெயில்லயும் மழையிலயும் வீடு வீடா அலைஞ்சதுதான் காரணம், அவங்கள கையெடுத்து கும்பிடணும். ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்த பிறகும் புள்ளைய ஏன் பறிகொடுக்குறோம்னு கேக்கத்தான் இத எழுதுறேன்.

2022-ல மட்டும் உலகத்துல 23 லட்சம் குழந்தைங்க பொறந்த ஒரு மாசத்துக்குள்ள இறந்துருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது. பெரும்பாலும் ஆப்பிரிக்காவுலயும் நம்ம தெற்காசியாவுலயும்தான், அதுலயும் முக்கால்வாசி முதல் வாரத்துலயே. காரணம் ஒண்ணும் புரியாத வியாதி இல்லைங்க, குறை மாசம், பொறந்ததும் மூச்சு விடாம போறது, கிருமித் தொற்று, இதான் அதிகம். மூச்சு விடாத புள்ளைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள அம்பு பேக் (மூச்சு குடுக்குற கைப்பை) அழுத்தத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நின்னா பல புள்ளைங்க பொழச்சுக்கும். கட்டடமும், புள்ளைய சூடா வச்சுக்குற வார்மர் மெஷினும் வாங்கிடலாம், ஆள்தான் இல்ல.

எங்க சொந்தத்துல ஒரு புள்ள எட்டாம் மாசத்துலயே பொறந்துடுச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். மெஷினெல்லாம் இருந்துச்சு, ஆனா அன்னிக்கு நைட் ஒரே சிஸ்டர், பிரசவமும் அவங்கதான் வார்டும் அவங்கதான், அவங்க மேல எனக்கு துளி கோவம் கெடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போங்கன்னாங்க, புள்ளைய துணியில சுத்தி ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க, அம்மா இங்க படுத்துருக்கா புள்ள அங்க போகுது, போய் சேரும்போது உடம்பு சில்லுனு ஆயிருந்துச்சு. உசுரு நிக்கல.

எடை ரொம்பக் கம்மியா பொறந்த புள்ளைய உடனே அம்மா நெஞ்சுல தோலோட தோலா சேத்து வச்சா சாவு நாலுல ஒரு பங்கு குறையுதுன்னு 2021-ல வந்த ஆய்வு சொல்லுது, இந்தியாவும் சேத்து அஞ்சு நாட்டு ஆஸ்பத்திரிங்கள்ல பாத்தது. இதத்தான் கங்காரு கேர்னு சொல்றாங்க, சும்மா போஸ்டர் ஒட்டுனா பத்தாது, பச்சக்குழந்தைங்க வார்டுக்குள்ளயே அம்மாவுக்கு ஒரு கட்டில் போடுங்க, ரெஃபர் பண்ணும்போது அம்மா வர்ற நெலமையில இருந்தா அவளையும் சேத்து அனுப்புங்க, இல்லனா அப்பாவோ பாட்டியோ நெஞ்சோட அணைச்சுட்டு போகட்டும். போற எடத்துக்கு முன்னாடியே ஒரு ஃபோன் போட்டு பெட் இருக்கான்னு கேட்டுட்டு அனுப்புங்க, திட்டக்குடி, காட்டுமன்னார்கோயில் பக்கத்துலேருந்து வர்றவங்களுக்கு அலைச்சலே பெரிய ஆபத்து.

அப்புறம் டிரெய்னிங் குடுத்த நர்ஸ வேற வார்டுக்கு மாத்தாதீங்க, தயவுசெஞ்சு. ஒரு வருஷம் பழகுன கைய எடுத்துட்டு புதுசா ஒருத்தர நிறுத்துனா அந்த டிரெய்னிங்கே வீண்.

2011 தானே புயல்லயும் 2015 வெள்ளத்துலயும் கடலூர் எப்படி கரண்ட் இல்லாம கெடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இந்த ஐப்பசி மழைக்கு முன்னாடி எந்தெந்த ஆஸ்பத்திரியில வார்மருக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கு, நைட் டூட்டிக்கு எத்தன நர்ஸ்னு ஒரு லிஸ்ட் எழுதி அந்தந்த ஆஸ்பத்திரி வாசல்லயே ஒட்டுங்க.

இப்படிக்கு,
விருத்தாசலம் பக்கத்துலேருந்து ஒரு பெரியம்மா